அரையடி இடம் போதும்

கால்பந்தில் ஓரத்தில் ஆடும் விங்கர் என்றால் வேகமாக ஓடுபவன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பையனைப் பயிற்சிக்குக் கூட்டிவரும் அப்பாக்கள் என்னிடம் முதலில் சொல்வதும் அதைத்தான்: நன்றாக ஓடுகிறான், விங்கில் போடுங்கள். ஓட்டம் நல்லதுதான். ஆனால் இந்தத் தொழிலின் உயிர் ஓடுவதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. எதிரே தடுக்க நிற்கும் பேக், இவன் எந்தப் பக்கம் போவான் என்று தனக்குள் முடிவெடுத்து, உடம்பின் பாரத்தை ஒரு காலுக்கு மாற்றுவான். அதுவரை பந்தோடு பொறுத்திருக்கத் தெரிந்தவனே விங்கர். பாரம் மாறிய அந்த நொடியில் மறுபக்கம் அரையடி இடம் கிடைக்கும். அது போதும்.

தமிழ் வீட்டில் வளர்ந்து, ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் தெருக்களில் பந்து பழகியவன் நான். அதே வட்டாரத்தில் ஒரு சிறிய கிளப்புக்கு இடது விங்கராக ஆடினேன். முழங்கால் போன பிறகு சிறுவர்களுக்குப் பயிற்சியாளரானேன். இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கு என் ஆட்டம் சிறிய சான்று. எங்கள் மண்ணில் பிறந்த மூன்று பேருடைய ஆட்டமே பெரிய சான்று. ஆகவே அவர்களை வைத்தே சொல்கிறேன்.

லானார்க்‌ஷயர், கிளாஸ்கோவின் தென்கிழக்கே கிளைடு ஆற்றை ஒட்டிக் கிடக்கும் வட்டாரம். நிலக்கரியும் எஃகும் அதை வாழவைத்தன. மான்செஸ்டர் யுனைடெட்டை உருவாக்கிய மேட் பஸ்பியும், செல்டிக்கை ஐரோப்பாவின் உச்சிக்குக் கொண்டுபோன ஜாக் ஸ்டீனும் இங்கே சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்கள். ஜிம்மி ஜான்ஸ்டன் பிறந்த வியூபார்க்கும், ஜான் ராபர்ட்சன் பிறந்த அடிங்ஸ்டனும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். டேவி கூப்பர் பிறந்த ஹாமில்டனுக்கு அங்கிருந்து சில மைல் தூரம்தான். இவ்வளவு சிறிய நிலத்தில் இப்படி மூன்று விங்கர்கள் எப்படி வந்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே தெருதான் மைதானம். கையில் இருந்தது சின்ன ரப்பர் பந்து. எதிரே நிற்பவன் பெரும்பாலும் இரண்டு மூன்று வயது மூத்தவன். அவனைத் தள்ளவும் முடியாது, ஓடி முந்தவும் இடம் கிடையாது. பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு அவனை ஏமாற்றுவது ஒன்றே வழி. குள்ளமான பையன்களுக்கு அந்தத் தெரு கொடுத்த கல்வி அது.

அந்தக் கல்வி இவர்களுக்கு முந்தையது. ஐந்தடி நான்கு அங்குலமே உயரமான ஆலன் மார்ட்டன், 1920 முதல் 1933 வரை கிளாஸ்கோ ரேஞ்சர்ஸின் இடது விங்கில் ஆடினார். அவர் சுரங்கப் பொறியாளர். புகழின் உச்சியில் இருந்தபோதும் அந்த வேலையை விடவில்லை. 1928 மார்ச் 31 அன்று வெம்ப்ளியின் ஈரத் தரையில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5–1 என்று வென்றது. அன்று ஸ்காட்லாந்தின் ஐந்து முன்னணி ஆட்டக்காரர்களில் மிக உயரமானவரே ஐந்தடி ஏழு அங்குலம்தான். வலது விங்கிலிருந்து அலெக்ஸ் ஜாக்சன் மூன்று கோல் அடித்தார். மூன்றும் எதிர்ப்புறம் இருந்து மார்ட்டன் கோலுக்கு முன்னே அனுப்பிய கிராஸ்களில் பிறந்தவை. ஒரு விங்கர் கொடுக்க, மறு விங்கர் முடித்தார். இன்றும் எங்கள் பக்கத்தில் பயிற்சியாளர்கள் அந்த ஆட்டத்தைப் பேசுவதற்கு இதுவே காரணம்.

இனி ராபர்ட்சன். 1953இல் பிறந்தவர், 1970இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் சேர்ந்தார். நடுக்கள ஆட்டக்காரராகப் போனவர் அங்கே சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தார். 1975 ஜனவரியில் பிரையன் கிளஃப் மேனேஜராக வந்தபோது ராபர்ட்சனைப் பார்த்து அவருக்குப் பிடிக்கவில்லை. தடித்த உடம்பு, சிகரெட், ஒழுங்கில்லாத உடை, வேகமே இல்லாத கால்கள். கிளஃப்பும் அவருடைய துணைவர் பீட்டர் டெய்லரும் கண்டித்துத் திருத்தி, அவரை இடது விங்குக்கு மாற்றினார்கள். 1976 டிசம்பர் முதல் 1980 டிசம்பர் வரை ராபர்ட்சன் தொடர்ந்து 243 ஆட்டங்களில், ஒன்றுகூட விடாமல், ஆடினார். அந்த நான்கு ஆண்டுகளில் ஃபாரஸ்ட் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி, ஏறிய மறு ஆண்டே 1978இல் இங்கிலாந்து சாம்பியனாகி, 1979, 1980 இரண்டிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. முதலில் பிடிக்காமல் போன அதே கிளஃப், பிறகு அவரைப் பிக்காசோவோடு ஒப்பிட்டார்.

வேகமே இல்லாத ஒருவரால் எப்படி முடிந்தது? என் பயிற்சி முழுவதும் இந்தக் கேள்விக்கான விடைதான். வேகமாக வரும் விங்கரைத் தடுப்பது பேக்குக்கு ஒருவகையில் எளிது. இருவரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். பேக் உள்பக்கமாகக் கூடவே ஓடி, கோட்டைத் தாண்டி வெளியே தள்ளிவிடலாம். ஆனால் விங்கர் பந்தோடு நின்றுவிட்டால் பேக்கும் நிற்க வேண்டும். நின்ற கால்களிலிருந்து முதல் அடி எடுத்து வைப்பதில் உலகத்தின் மிக வேகமான பேக்கும் மெதுவான விங்கரும் ஏறக்குறைய ஒன்று. அந்த முதல் அடியை எப்போது, எந்தப் பக்கம் வைப்பது என்று விங்கருக்குத் தெரியும், பேக்குக்குத் தெரியாது. ராபர்ட்சன் தன் வாழ்க்கையை அந்தச் சிறு வித்தியாசத்தின் மேல் கட்டினார்.

அவருக்கு இரண்டு காலும் ஒன்று. இதற்கு அந்த இரண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்கள் சாட்சி. 1979 மே 30, மியூனிக். ஸ்வீடனின் மால்மோ அணி. முதல் பாதி முடியப்போகும் நேரம். இடது ஓரத்தில் ராபர்ட்சனுக்குப் பந்து வருகிறது. இரண்டு பேர் எதிரே நிற்கிறார்கள். அவர் அவர்களை உள்ளே இழுப்பதுபோல் சாய்ந்து, வெளிப்பக்கமாகப் போய், இடது காலால் தூரக் கம்பத்துக்கு கிராஸ் கொடுக்கிறார். டிரெவர் ஃபிரான்சிஸ் ஓடி வந்து தலையால் முட்டுகிறார். 1–0, ஆட்டம் அப்படியே முடிகிறது. அடுத்த ஆண்டு மே 28, மாட்ரிட். எதிரே ஹாம்பர்க். அந்த அணியில் இங்கிலாந்தின் நட்சத்திர ஆட்டக்காரர் கெவின் கீகன் இருந்தார், ராபர்ட்சனைக் காத்தவர் ஜெர்மனியின் பெயர்பெற்ற வலது பேக் மன்ஃப்ரெட் கால்ட்ஸ். இம்முறை ராபர்ட்சன் உள்பக்கமாகத் திரும்பி, சக ஆட்டக்காரர் கேரி பர்ட்டில்ஸோடு பந்தை மாற்றிக்கொண்டு, பெனால்டி பாக்ஸின் விளிம்பிலிருந்து வலது காலால் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அந்த ஆட்டமும் 1–0. ஒரு முறை வெளியே, ஒரு முறை உள்ளே. இரண்டும் சாத்தியம் என்று தெரிந்த பேக்கால் எதையும் முன்கூட்டித் தடுக்க முடியாது.

நான் சிறுவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது பந்து வருவதற்கு முன்னால் எப்படி நிற்பது என்பதை. முதுகைக் கோட்டுக்குக் காட்டு, மைதானம் முழுவதும் கண்ணில் விழட்டும். பந்தைத் தூரக் காலால் வாங்கு, அப்போதுதான் முதல் தொடுதலிலேயே முன்னே பார்ப்பாய். பிறகு நில். பந்தைப் பார்க்கும் பேக்கின் கண்ணைப் பார்க்காதே, அவன் இடுப்பைப் பார். கண் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. அவன் பின்வாங்கினால் நீ முன்னேறு. அவன் பாய்ந்தால் அவன் விட்டுவந்த இடத்தில் பந்தைத் தட்டு. இதைப் பத்து கஜக் கட்டத்துக்குள் ஒருவனுக்கு ஒருவன் என்று திரும்பத் திரும்ப ஆட வைக்கிறேன். ஓடி ஜெயிக்க அங்கே இடமே இருக்காது. நின்று ஜெயிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது கிராஸ். பேக்கை முழுவதுமாகத் தாண்டிவிட்டுத்தான் கிராஸ் கொடுக்க வேண்டும் என்று பையன்கள் எண்ணுகிறார்கள். அப்படித் தாண்டப் போனால் உதவிக்கு இன்னொருவன் வந்துவிடுவான். ராபர்ட்சன் பெரும்பாலும் யாரையும் முழுவதும் தாண்டப் பார்க்கமாட்டார். பந்துக்கும் பேக்கின் காலுக்கும் நடுவே ஒரு கிராஸ் போகும் இடம் கிடைத்ததும் அடித்துவிடுவார். கிராஸில் மூன்று உண்டு. அருகிலுள்ள கம்பத்துக்குத் தாழ்வாக, வேகமாக அடிப்பது. அதை யார் தொட்டாலும், எதிரணிக்காரனே தொட்டாலும், ஆபத்து. தூரக் கம்பத்துக்கு உயர்த்திக் கொடுப்பது. கோல்கீப்பர் வரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கும் இடத்தில் அது விழ வேண்டும். மூன்றாவது, கோல் கோடு வரை போய்ப் பின்னால் உருட்டிவிடுவது. தற்காப்பவர்கள் எல்லாரும் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள், பந்து அவர்களுக்குப் பின்னால் போகும். எதைக் கொடுப்பது என்பது விங்கர் காலில் தீர்மானமாவதில்லை, உள்ளே ஓடிவருபவனின் காலில் தீர்மானமாகிறது. அதனால்தான் தலையைத் தூக்கிப் பார்க்காத விங்கரை நான் விங்கராகக் கணக்கில் வைப்பதில்லை.

ஸ்காட்லாந்தில் இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு, காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை சிறிய மைதானங்களில் மேற்கிலிருந்து அது குறுக்கே வீசும். ஒரு பாதி முழுவதும் கிராஸ் எல்லாம் கோலுக்குப் பின்னால் பறக்கும், மறு பாதியில் அதே உதை பாதித் தூரத்தில் நின்றுவிடும். காற்றுக்கு எதிரே தாழ்வாக, காற்றோடு போகையில் அரை பலத்தில் என்று கால் தானாகவே கணக்குப் போடப் பழக வேண்டும். சேறு வேறு. உறைந்த தரை வேறு. கீழ்ப்பிரிவு கிளப்புகளில் என்னைப்போல் பெரும்பாலோர் பகுதிநேர ஆட்டக்காரர்கள். பகலில் மின்சாதனக் கிடங்கில் வேலை, செவ்வாயும் வியாழனும் மாலையில் விளக்கொளியில் பயிற்சி, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். குளிரில் விறைத்த விரல்களால் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் போய் நிற்கும்போது நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அந்தக் கோட்டை ஒட்டிய இரண்டு கஜம் என்னுடையது என்று எனக்குத் தோன்றும்.

அந்த இரண்டு கஜத்தில் அடியும் வாங்க வேண்டும். விங்கரின் கணுக்காலைக் குறிவைப்பது பேக்குகளின் பழைய பாடம். முதல் பத்து நிமிடத்தில் பலமாக ஒன்று வைத்தால் அன்றைக்கு அவன் கிட்டே வரமாட்டான் என்று சொல்லிக்கொடுப்பார்கள். முழங்காலுக்குக் கீழே காப்பு அணிவது கட்டாயமானதே 1990இல்தான். அதற்கு முன்பு பலர் அதை அணியாமல், காலுறையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு ஆடினார்கள். எதிராளிக்கு ஆபத்தாகும்படி பின்னாலிருந்து காலை வாருவதற்குச் சிவப்பு அட்டை என்று விதி இறுகியது 1998இல். அதற்கு முந்தைய காலத்தில் ராபர்ட்சன் 243 ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடினார் என்பதை நான் அவருடைய கோப்பைகளுக்கு மேலே வைக்கிறேன்.

அடியைப் பற்றிப் பேசினால் ஜிம்மி ஜான்ஸ்டனைப் பேசாமல் இருக்க முடியாது. வலது விங்கர். மார்ட்டனைப்போல் குள்ளம், சிவந்த தலைமுடி. சிறுவனாக இருந்தபோது பால் போத்தல்களை வரிசையாக வைத்து அவற்றின் ஊடே பந்தைக் கொண்டுபோய்ப் பழகியவர். கீழே விழ வைத்தால் எழுந்து அதே பேக்கிடம் மறுபடியும் போவார். 2002இல் செல்டிக் ரசிகர்கள் தங்கள் கிளப்பின் எக்காலத்துக்கும் சிறந்த ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். என் கண்ணில் அவருடைய மிகப் பெரிய நாள், அவர் கோல் அடிக்காத ஒரு நாள்: 1967 மே 25, லிஸ்பன், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். தற்காப்புக்குப் பேர்போன இன்டர் மிலான், ஜான்ஸ்டனை விடாமல் தொடர புர்னிச் என்ற பேக்கை நியமித்திருந்தது. ஜான்ஸ்டன் விங்கைவிட்டு உள்ளே நகர்ந்தார், புர்னிச்சும் பின்னாலேயே போனார். காலியான வலது ஓரத்தில் செல்டிக்கின் வலது பேக் ஜிம் கிரெய்க் ஏறி வந்தார். சமன் செய்த கோல் அவர் குறுக்கே கொடுத்த பந்தில்தான், டாமி கெமெல் காலிலிருந்து பிறந்தது. முடிவில் 2–1. பிரிட்டன் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. பந்தைத் தொடாமலே ஒரு விங்கர் இடம் உண்டாக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நான் பார்த்ததில்லை. பேக்கை முடிவெடுக்க வைப்பதுதான் வேலை. உன் பின்னால் வருவது என்று அவன் முடிவெடுத்தால், அவன் விட்டுவந்த இடம் உன் நண்பனுக்கு.

ஜான்ஸ்டனுக்கு விமானப் பயணம் என்றால் அச்சம். 1968 நவம்பரில் ஐரோப்பியக் கோப்பையில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணி கிளாஸ்கோவுக்கு வந்தது. இடைவேளையில் 1–1. நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் மறு ஆட்டத்துக்குப் பெல்கிரேடுக்குப் பறந்து வர வேண்டாம் என்று ஸ்டீன் அவரிடம் சொன்னார். இறுதியில் 5–1. ஜான்ஸ்டன் இரண்டு கோல் அடித்தார், மற்றவர்களுக்கும் வழி செய்தார். அவர் பெல்கிரேடுக்குப் போகவில்லை. இந்தக் கதையில் நான் மதிப்பது ஸ்டீனின் அறிவை. விங்கர் தனித்து நிற்பவன். அணியின் ஓரத்தில், கூட்டத்தின் ஏச்சுக்கு மிக அருகில் நிற்பவன். அவனுடைய பயத்தைத் தெரிந்துவைத்திருக்கும் மேனேஜர் அவனிடமிருந்து எதையும் பெறலாம்.

மூன்றாமவர் டேவி கூப்பர். 1977 முதல் 1989 வரை ரேஞ்சர்ஸ், பிறகு மதர்வெல். ராபர்ட்சனுக்கு நேர்மாறு, ஒரே கால்தான், இடது கால். அவர் இடது காலுக்குத்தான் பந்தைக் கொண்டுபோவார் என்பது ஸ்காட்லாந்தில் எல்லா பேக்குக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. ஏனென்றால் எந்தப் பக்கம் என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது. ஒற்றைக் காலோடு என்னிடம் வரும் பையன்களுக்கு நான் கூப்பரையே காட்டுகிறேன். அந்தப் பொறுமைக்கு இன்னொரு சான்று 1985 செப்டம்பர் 10. கார்டிஃபில் வேல்ஸ் அணியோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். தோற்றால் ஸ்காட்லாந்தின் கதை முடிந்தது. கடைசிப் பத்து நிமிடம் நெருங்கும்போது கிடைத்த பெனால்டியை, மாற்று ஆட்டக்காரராக வந்த கூப்பர் அடித்து 1–1 ஆக்கினார். அன்று இரவு, ஆட்டம் முடியும் வேளையில் மைதான ஓரத்தில் சாய்ந்த ஜாக் ஸ்டீன், அப்போது ஸ்காட்லாந்தின் மேனேஜர், பிறகு உயிர் பிழைக்கவில்லை. அந்த இரவை எங்கள் வட்டாரத்தில் யாரும் கொண்டாட்டமாக நினைவுகூர்வதில்லை.

கூப்பர் 1991இல் மதர்வெல்லோடு ஸ்காட்டிஷ் கோப்பை வென்றார். இறுதி ஆட்டம் டன்டீ யுனைடெட்டுக்கு எதிரே 4–3. அப்போது அவருக்கு 35 வயது, வேகம் எப்போதோ போயிருந்தது. 1995 மார்ச்சில் ப்ராட்வுட் மைதானத்தில் சிறுவர்களுக்கான பயிற்சிப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது மூளையில் இரத்தக் கசிவால் விழுந்தார். மறுநாள் இறந்தார், 39 வயதில். அவர் கடைசியாகச் செய்த வேலை, தனக்குத் தெரிந்ததைச் சின்னப் பையன்களுக்குக் காட்டியது. ராபர்ட்சனும் ஆட்டம் முடிந்த பிறகு மார்ட்டின் ஓ’நீலின் துணைவராக லெஸ்டரிலும் செல்டிக்கிலும் ஆஸ்டன் வில்லாவிலும் வேலை செய்தார். ஓரத்தில் நின்று முழு மைதானத்தையும் பார்த்துப் பழகிய கண் அந்த வேலைக்கு ஏற்றது.

விங்கரின் தொழில்வாழ்க்கை சுருக்கமானது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு. மே மாதத்தில் மேனேஜரின் அறைக்கு வெளியே நின்று, அடுத்த பருவத்துக்கு இடம் உண்டா இல்லையா என்று கேட்டு வருவதுதான் எங்களில் பலருக்கு ஆண்டின் கடினமான நாள். வேகத்தை மட்டும் நம்பியவர்கள் அந்த அறையிலிருந்து முதலில் வெளியே வந்தார்கள். தசை ஒன்று கிழிந்தால் வேகம் குறையும், அதன்பின் அவர்களிடம் விற்க ஒன்றும் இருக்காது. நிற்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் சில பருவங்கள் கிடைத்தன. எனக்கும் அப்படிச் சில பருவங்கள் கிடைத்தன. அதற்கு நான் இந்த மூவருக்கும் கடன்பட்டவன்.

இன்று ஆட்டம் மாறிவிட்டது. இடது காலன் வலது விங்கில் ஆடி உள்ளே வெட்டி வந்து கோலடிக்கிறான். ஓரத்தின் கிராஸ் வேலை பேக்குகளிடம் போய்விட்டது. ஸ்காட்லாந்தின் இடது ஓரத்தில் இத்தனை ஆண்டுகள் சிறந்த கிராஸ்களைக் கொடுத்த ஆன்ட்ரூ ராபர்ட்சன் ஒரு பேக். இதில் எனக்கு வருத்தமில்லை. ஓரம் இருக்கும்வரை அதற்கு ஆள் வேண்டும், அவன் சட்டையில் எந்த எண் இருந்தால் என்ன. எனக்கு வருத்தம் வேறொன்றில். பயிற்சி மையங்களில் பன்னிரண்டு வயதுப் பையன் பந்தை இழந்தால் குறித்துக்கொள்கிறார்கள். எத்தனை மீட்டர் ஓடினான், எவ்வளவு வேகமாக ஓடினான் என்று அளக்கிறார்கள். பந்தை இழக்க அஞ்சும் பையன் பேக்கைப் பார்த்து நிற்கமாட்டான். பின்னால் இருப்பவனிடம் தட்டிவிட்டு ஒதுங்கிவிடுவான். அவனிடம் தவறு எதுவும் இருக்காது, விங்கரும் இருக்கமாட்டான்.

ஆகவே என் பயிற்சியில் ஒரு விதி. எதிர்ப்பாதியின் ஓரத்தில் பந்து கிடைத்த பையன் ஒருவனுக்கு ஒருவன் நிற்கையில் எத்தனை முறை பந்தை இழந்தாலும் நான் குரல் எழுப்பமாட்டேன், கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோரும் எழுப்பக் கூடாது. அவன் இழக்கும் ஒவ்வொரு பந்திலும் ஒரு பேக்கின் இடுப்பைப் படித்திருக்கிறான். கிளஃப் அந்தத் தடித்த, மெதுவான இளைஞனை இடது ஓரத்தில் நிறுத்தி, பந்தை அவனிடமே கொடுங்கள் என்று அணிக்குக் கட்டளையிட்டார். அவன் இழந்தாலும் மறுபடியும் அவனிடமே கொடுத்தார்கள். இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் அந்த நம்பிக்கையில் வந்தவை. நான் பழக்கும் பையன்களில் யாரும் மியூனிக்குக்கோ மாட்ரிட்டுக்கோ போகாமல் இருக்கலாம். ஆனால் பந்தோடு நின்று, எதிராளி முதலில் அசையும்வரை பொறுத்திருக்கும் துணிவை அவர்களுக்குக் கொடுக்க முடியும். அதைக் கொடுப்பதுதான் பயிற்சியாளரின் வேலை. ஓட்டத்தை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள்.